ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்: 293318625600-ல் அப்படி என்ன இருக்கு? விழுப்புரம், திண்டிவனத்துக்கு என்ன தொடர்பு?

திண்டிவனத்தின் பின்கோடு 604001. விழுப்புரம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 605602. தினமும் கூரியர் கவரிலும் ஆன்லைன் ஆர்டரிலும் டைப் பண்ணுகிற எண்கள்தான். ஆனால் கணக்கு வாத்தியார் கண்ணோடு பார்த்தால் இரண்டுக்கும் ஒரு குணம் இருக்கு. இரண்டுமே யாரோடும் ஒட்டாத எண்கள்.

604001-ஐ 1-ஆலும் 604001-ஆலும் மட்டும்தான் மீதி வராமல் வகுக்க முடியும். அதாவது அது பகா எண். சந்தேகம் இருந்தால் 2, 3, 5, 7, 11 என்று தொடங்கி 773 வரை உள்ள 137 பகா எண்களால் வகுத்துப் பாருங்க, ஒவ்வொரு முறையும் மீதி வரும். 773-க்கு மேல் போக வேண்டியதில்லை. 777-ஐ 777-ஆல் பெருக்கினால் 603729, 778-ஐ 778-ஆல் பெருக்கினால் 605284. நம்ம எண் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கு. அதனால் அதற்கு 777-க்கு மேல் ஒரு காரணி இருந்தால், ஜோடிக் காரணி 777-க்குள் இருந்தே ஆகணும்.

விழுப்புரத்தின் 605602 இரட்டைப்படை எண். அதனால் 2-ஆல் போகும், 302801 வரும். அதுவும் பகா எண். ஆக 605602-க்கு மொத்தம் நாலே காரணிகள்: 1, 2, 302801, 605602.

இந்த இரண்டு எண்களுக்கும் நேர் எதிர்த் துருவத்தில் நிற்கும் ஒரு எண்ணைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அது 293318625600. நம்ம ஊர்க் கணக்கில் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. ஆதார் எண் மாதிரி 12 இலக்கம். இதற்கு எத்தனை காரணிகள் தெரியுமா? 5040. இதைவிடச் சின்ன எண் எதை எடுத்தாலும், அதற்கு இத்தனை காரணிகள் கிடையாது.

கணித மேதை ஸ்ரீனிவாச ராமானுஜன் இந்த மாதிரி எண்களைத் தேடித் தேடிக் கையால் ஒரு பட்டியல் போட்டார். நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள், லட்சம் கோடியைத் தாண்டிய எண்கள் கூட அதில் உண்டு. 1915-ல் அந்தப் பட்டியல் லண்டனில் அச்சானது. அதில் நடுவில் ஒரே ஒரு எண் மட்டும் விட்டுப்போயிருந்தது. அதுதான் இந்த 293318625600.

முதலில், காரணி நிறைய இருந்தால் என்ன லாபம்?

60 லட்டு இருக்கு என்று வைத்துக்கொள்ளுங்க. 2 பேர், 3 பேர், 4 பேர், 5 பேர், 6 பேர், 10 பேர், 12 பேர், 15 பேர் என்று எத்தனை பேர் வந்தாலும் உடைக்காமல் பங்கு போடலாம். 59 லட்டு இருந்தால்? ஒருத்தர் மொத்தத்தையும் எடுத்துக்கணும், இல்லையென்றால் 59 பேர் வரணும். வேற வழியே இல்லை.

பழைய காலத்து மக்கள் இதைப் புரிந்துதான் வைத்திருந்தார்கள் போல. ஒரு மணிக்கு 60 நிமிடம். ஒரு நாளுக்கு 24 மணி. நம்ம கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை. வட்டத்துக்கு 360 டிகிரி. ஒரு டஜன் 12. எல்லாமே நன்றாகப் பங்கு பிரிகிற எண்கள். 12-க்கு 6 காரணிகள். அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் 6 கிடையாது. 24-க்கு 8. 60-க்கு 12. 360-க்கு 24. இப்படி "எனக்குக் கீழே இருக்கிற எல்லாரையும்விட எனக்குக் காரணி அதிகம்" என்று சொல்லக்கூடிய எண்ணுக்கு உயர் பகு எண் என்று பெயர். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று வரிசை போகும். முதலில் நெருக்கமாக வரும், போகப் போக இடைவெளி கோடிக்கணக்கில் விரியும்.

ராமானுஜன் என்றதும் எல்லாருக்கும் 1729 ஞாபகம் வரும். டாக்ஸி நம்பர் கதை. அந்த எண்ணுக்கு மொத்தமே 8 காரணிகள்தான் (7, 13, 19 மூன்றையும் பெருக்கினால் 1729). புகழ் அதற்கு. ஆனால் ராமானுஜனுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது இந்த உயர் பகு எண்கள்தான்.

5040 காரணி என்று எப்படி எண்ணினார்கள்?

ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. எண்ணைப் பகா எண்களாக உடைத்தால் போதும். ஆறாம் வகுப்புக் கணக்குதான்.

293318625600 = 2×2×2×2×2×2 × 3×3×3×3 × 5×5 × 7×7 × 11 × 13 × 17 × 19

அதாவது 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு தடவை, 7 இரண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. இப்போது ஒரு காரணியை உருவாக்கணும் என்றால், இந்தக் குவியலில் இருந்து கொஞ்சம் எடுக்கணும். 2-ஐ எத்தனை எடுக்கலாம்? ஒன்றும் எடுக்காமல் விடலாம், அல்லது 1, 2, 3, 4, 5, 6 வரை எடுக்கலாம். மொத்தம் 7 வழி. 3-க்கு 5 வழி. 5-க்கு 3 வழி. 7-க்கு 3 வழி. 11, 13, 17, 19 ஒவ்வொன்றுக்கும் எடுக்கலாம், எடுக்காமல் விடலாம் என்று 2 வழி.

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040. அவ்ளோதான்.

ஹோட்டல் மெனு மாதிரிதான் இது. ஏழு வகை டிபன், ஐந்து வகை சட்னி, மூன்று வகை காபி என்றால் எத்தனை விதமாக ஆர்டர் பண்ணலாம் என்று பெருக்குவோமே, அதே கணக்கு.

இந்த எண் 1 முதல் 22 வரை எல்லா எண்களாலும் மீதியில்லாமல் வகுபடும். முதல் தடவை தடுக்கி விழுகிற இடம் 23. காரணம், மேலே உள்ள குவியலில் 23 இல்லை. இந்த 23-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

29 ஆயிரம் கோடி எண்களையும் சோதிக்கணுமா?

இங்கேதான் ராமானுஜனின் கைவரிசை. "இதைவிடச் சின்ன எண் எதற்கும் இத்தனை காரணி இல்லை" என்று சொல்லணும் என்றால், கீழே உள்ள 29,331 கோடி எண்களையும் பார்த்திருக்கணும் இல்லையா? கால்குலேட்டர் கூட இல்லாத காலம்.

அவர் எண்களைப் பார்க்கவில்லை, எண்களின் உருவத்தைப் பார்த்தார். 12-ஐயும் 18-ஐயும் எடுத்துக்கொள்ளுங்க. 12 என்பது 2×2×3. 18 என்பது 2×3×3. இரண்டுக்கும் 6 காரணிகள்தான். ஆனால் 12 சின்னது. அப்போது 18-க்கு உயர் பகு எண் பட்டியலில் இடமே கிடையாது. இதிலிருந்து ஒரு விதி வரும்: உயர் பகு எண்ணில் 2 எத்தனை தடவை வருதோ, 3 அதைவிட அதிகத் தடவை வரக் கூடாது. 5, 3-ஐவிட அதிகமாக வரக் கூடாது. 7, 5-ஐ மிஞ்சக் கூடாது. படிக்கட்டு மாதிரி இறங்கிக்கிட்டே போகணும். நடுவில் ஒரு பகா எண்ணைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது. 11 இல்லாமல் 13 வர முடியாது, 13-க்குப் பதில் 11-ஐப் போட்டாலே எண் சின்னதாகிவிடும்.

இன்னொன்றையும் அவர் நிரூபித்தார். படிக்கட்டின் கடைசிப் படியில் இருக்கும் பகா எண் ஒரே ஒரு தடவைதான் வரும். இதற்கு விதிவிலக்கு இரண்டே எண்கள்: 4 மற்றும் 36.

இந்த விதிகளைப் போட்டு வடிகட்டினால் 29 ஆயிரம் கோடியில் மிஞ்சுவது கொஞ்சம் எண்கள்தான். அவற்றைக் கையால் ஒப்பிட முடியும். ஆனால் ஒன்றுகூட விடாமல் ஒப்பிடணும்.

எண் எங்கே நழுவியது?

பட்டியலில் அந்த இடத்தைச் சுற்றி இருக்கும் எண்களைப் பார்த்தால் விஷயம் சுவாரஸ்யமாக இருக்கு.

முன்னால் உள்ளது 240940299600. காரணிகள் 4800. அதில் 2 நாலு தடவை, 3 நாலு தடவை, 5 இரண்டு தடவை, பிறகு 7, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு தடவை.

பின்னால் உள்ளது 321253732800. காரணிகள் 5376. அதில் 2 ஆறு தடவை, 3 மூன்று தடவை, 5 இரண்டு தடவை, பிறகு 7 முதல் 23 வரை ஒவ்வொரு தடவை.

இரண்டிலும் 7 ஒரே தடவை. இரண்டிலும் கடைசிப் படி 23. நடுவில் இருக்க வேண்டிய நம்ம எண்ணில் 23 கிடையாது, படிக்கட்டு 19-லேயே முடிஞ்சு போகுது. அதற்குப் பதில் 7 இரண்டு தடவை இருக்கு. இதற்கு முன்னால் வந்த 160626866400, 240940299600 என்ற இரண்டுமே 23 வரை போய்விட்டன. வரிசை 23-க்கு ஏறிய பிறகும், இந்த எண் மறுபடி 19-க்கு இறங்கி வந்து உட்கார்ந்திருக்கு. எக்ஸ்பிரஸ் ரயில் போன பிறகு அதே பிளாட்பாரத்துக்குப் பின்னாடி வந்து சேரும் பாசஞ்சர் மாதிரி.

இன்னும் ஒரு வேடிக்கை. ராமானுஜன் பட்டியலின் கடைசி எண், அதாவது அவர் போன உச்சம், 6746328388800. நம்ம கணக்கில் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதன் காரணிகள் 10080. சரியாக 5040-ன் இரட்டிப்பு. ஏன்? 293318625600-ஐ 23-ஆல் பெருக்கினால் வருவதுதான் இந்தக் கடைசி எண். 23-ஐச் சேர்த்ததும் எடுக்கலாம், எடுக்காமல் விடலாம் என்று இன்னொரு 2 வழி கூடுது, காரணிகள் இரண்டு மடங்காகுது. ஆக விட்டுப்போன எண், பட்டியலின் கடைசி எண்ணுக்குள்ளேயே ஒளிந்து உட்கார்ந்திருந்தது.

கடையில் இருக்கிற 12 இலக்கக் கால்குலேட்டரில் இதைப் போட்டுப் பார்க்க முடியாது. 293318625600 சரியாகத் திரையை நிரப்பும். 23-ஆல் பெருக்கினால் 13 இலக்கம், தாங்காது. மொபைல் கால்குலேட்டர் தாங்கும்.

இதில் விழுப்புரம் எங்கே வருது?

1910. ராமானுஜனுக்கு 22 வயது. கும்பகோணம் அரசு கல்லூரியில் உதவித்தொகை போச்சு. எஃப்.ஏ. தேர்வில் தோல்வி. கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகாததுதான் காரணம். முந்தின வருஷம் ஜானகியோடு கல்யாணமும் ஆகியிருந்தது. கையில் வேலை இல்லை. நோட்டுப் புத்தகம் நிறையக் கணக்குகள் மட்டும் இருந்தன.

அப்போது திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். 1907-ல் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் இவர்தான். ராமானுஜன் அவரைப் பார்க்கக் கிளம்பினார். கும்பகோணத்தில் இருந்து சென்னை நோக்கிப் போகும் ரயில் பாதையில் வந்து, விழுப்புரம் ஜங்ஷனில் இறங்கி, திருக்கோவிலூர் வழியாகக் காட்பாடி போகும் பாதையில் மாறினார். இன்றைக்கும் திருக்கோவிலூருக்கு ரயிலில் போவது அந்தப் பாதையில்தான். அன்றைக்கு இந்த ஊர்கள் எல்லாம் தென்னார்க்காடு மாவட்டம். 1993-ல் விழுப்புரம் தனி மாவட்டமானபோது திருக்கோவிலூரும் அதில் இருந்தது. 2019-ல் கள்ளக்குறிச்சி மாவட்டம் பிரிந்தபோது அதோடு போய்விட்டது.

ராமானுஜன் கேட்டது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. தாலுகா ஆபீஸிலோ நகராட்சியிலோ ஒரு கிளார்க் வேலை. நோட்டைப் பார்த்த ராமசாமி ஐயர் அந்த வேலையைக் கொடுக்க மறுத்துவிட்டார். வருவாய்த் துறையின் அடிமட்ட வேலையில் இந்தத் திறமையை அமுக்கிவிட மனசு வரவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். வெறுங்கையோடும் அனுப்பவில்லை, சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகக் கடிதம் கொடுத்தார்.

பசியோடு வந்தவனுக்கு வேலை இல்லை என்று சொல்வது சாதாரண முடிவு இல்லை. அந்தக் கடிதம் யாரையும் அசைக்காமல் போயிருந்தால், இது ஒரு அதிகாரி ஒரு ஏழை இளைஞனைத் திருப்பி அனுப்பிய கதையாகத்தான் முடிந்திருக்கும்.

சென்னைக்குப் போகும் பாதை விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு வழி. சென்னையில் பேராசிரியர் பி.வி. சேஷு ஐயரைப் பிடித்தார். கும்பகோணத்தில் ராமானுஜனுக்குப் பாடம் எடுத்தவர்தான் அவர். அங்கிருந்து நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ். அவர் மாதம் 25 ரூபாய் கொடுத்துத் தாங்கினார். 1911-ல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கிளார்க் வேலை. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம். 1914 மார்ச்சில் கப்பல்.

போன அடுத்த வருஷமே வந்ததுதான் உயர் பகு எண்கள் கட்டுரை. அறுபது பக்கத்துக்கு மேல். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் கொடுத்ததும் இந்த ஆய்வுக்காகத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் தேர்வில் தேறாதவருக்குக் கிடைத்த முதல் பட்டம்.

அச்சில் வராத பக்கங்கள்

அந்தக் கட்டுரையில் இன்னொரு பகுதியும் இருந்தது. முதல் உலகப் போர் நேரம், கட்டுரையை வெளியிட்ட லண்டன் கணிதக் கழகத்துக்குப் பண நெருக்கடி. செலவைக் குறைக்க ஒரு பகுதியை விட்டுவிட்டார்கள். அது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, பிரான்ஸ் நாட்டுக் கணிதவியலாளர்கள் ழான்-லூயி நிக்கோலா, கி ரோபன் இருவரின் குறிப்புகளோடு 1997-ல்தான் முழுசாக வெளிவந்தது. 82 வருஷம் கழித்து. ராமானுஜன் 1920-லேயே, 32 வயதில், காலமாகிவிட்டார்.

அந்தப் பகுதியில் காரணிகளின் எண்ணிக்கை மட்டும் இல்லை, கூட்டுத்தொகையும் வருது. ஒரு எண்ணின் காரணிகளை எல்லாம் கூட்டினால் எவ்வளவு பெரிசாகப் போக முடியும் என்று ஒரு எல்லை. ரீமான் கருதுகோள் உண்மையாக இருந்தால், போதுமான அளவு பெரிய எண்கள் எதுவும் அந்த எல்லையைத் தாண்டாது என்பது அதில் அடங்கியிருந்தது. ரீமான் கருதுகோள் என்பது பகா எண்கள் எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பது பற்றிய, 1859-ல் இருந்து தீராத கேள்வி. தீர்ப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு காத்திருக்கு.

அந்தக் கையெழுத்துப் பகுதி அச்சில் வருவதற்கு முன்பே, 1984-ல், இதே ரோபன் இன்னும் கூர்மையாக ஒன்றை நிரூபித்திருந்தார். ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கு மேல் எந்த எண்ணும் அந்த எல்லையைத் தாண்டாது என்றால் ரீமான் கருதுகோள் உண்மை. ஒரே ஒரு எண் தாண்டினாலும் பொய். அந்தக் குறிப்பிட்ட எண் எது தெரியுமா? 5040. விட்டுப்போன எண்ணின் காரணிகளின் எண்ணிக்கை எவ்வளவோ அதே எண். இந்தப் பொருத்தத்துக்குப் பின்னால் பெரிய ரகசியம் தேட வேண்டாம். 5040-ம் 60 காரணிகள் உள்ள ஒரு உயர் பகு எண்தான், இந்தக் குடும்பத்தில் இப்படி ஒன்றுக்குள் ஒன்று வருவது சகஜம்.

5040-ன் காரணிகளைக் கூட்டினால் 19,344. அதற்கான எல்லை சுமார் 19,237. தாண்டிவிட்டது. அதற்கு மேல் தாண்டுகிற எண் ஏதாவது இருக்கா என்று கம்ப்யூட்டர்கள் நினைத்துப் பார்க்க முடியாத உயரம் வரை தேடிவிட்டன. இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.